ஆந்தை வேண்டும், சீல் தோல் வேண்டாமா?

கனடாவின் வடகோடிப் பழங்குடியான இனூயிட் இனத்து ஓவியர் கெனோஜுவாக் அஷேவாக்கின் மந்திர ஆந்தைப் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். தலையிலும் வாலிலும் இறகுகள் கதிர்கதிராக விரிய, உருண்டைக் கண்ணால் நம்மையே முறைத்துக்கொண்டு நிற்கும். பாஃபின் தீவுக்குப் பக்கத்தில், அப்போது கேப் டோர்செட் என்றும் இப்போது கின்கைட் என்றும் சொல்லப்படும் சின்ன ஊரிலிருந்து 1960-இல் வந்த அச்சுப்படம் அது. பத்தே வருஷத்தில் கனடா அதைத் தபால்தலையாகவே போட்டது. எனக்கும் பிடிக்கும்.

ஆனால் அவருடைய முதல் அச்சுப்படம், கடற்பாசி தின்னும் முயல், சீல் என்ற கடல்விலங்கின் தோலால் ஆன ஒரு பையில் அவர் செய்திருந்த உருவத்திலிருந்து எடுத்தது. காகிதமும் பென்சிலும் வருவதற்கு முன்பே அந்தக் கைக்குத் தோலும் ஊசியும் பழக்கம். படத்தைச் சுவரில் மாட்டிய உலகம் அந்தத் தோலை மட்டும் அருவருப்பாகப் பார்த்தது, அதுதான் எனக்கு ஆறவில்லை.

1983-இல் ஐரோப்பியப் பொருளாதாரக் கூட்டமைப்பு சீல் குட்டிகளின் தோலுக்குத் தடை போட்டது. நியூஃபவுண்ட்லாந்துப் பக்கம் பனியில் அடித்துக் கொல்லப்பட்ட வெள்ளைக் குட்டிகளின் படங்கள் அப்படி உலுக்கியிருந்தன. இனூயிட்கள் முக்கியமாகப் பிடிப்பது வளையச் சீல் என்ற வேறு இனம், அவர்களுக்குத் தடையில் விலக்கும் எழுதியிருந்தார்கள். சரி, விலக்கு இருந்து என்ன செய்ய? கடைக்கு வருகிறவர் இது யார் பிடித்த சீல் என்று விசாரித்தா வாங்குவார்? மொத்தச் சந்தையும் படுத்துவிட்டது. தோல் விற்ற காசில்தான் பனிவண்டிக்குப் பெட்ரோலும் துப்பாக்கிக்குத் தோட்டாவும் வாங்கிக்கொண்டிருந்தார்கள், அது நின்றதும் இறைச்சிக்கு வேட்டை போவதே பெரும்பாடாகிவிட்டது.

காய்கறி சாப்பிடலாமே என்று யாராவது கமெண்டில் வருவீர்கள். இனூயிட்கள் வாழும் வட கனடாப் பிரதேசமான நுனாவுட்டில் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குச் சாலை கிடையாது. கோடையில் கப்பல், மற்றபடி விமானம். அப்படி வந்து இறங்கும் முட்டைக்கோஸின் விலையைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

இவ்வளவுக்கும், பிடித்த சீலின் வாயில் கொஞ்சம் நல்ல தண்ணீர் ஊற்றுவது அங்கே பழைய வழக்கம். உப்புக்கடலிலேயே வாழ்ந்த உயிருக்குத் தாகம் இருக்குமாம்.

2009-இல் ஐரோப்பா மறுபடியும் தடை போட்டது, இந்தமுறை எல்லாச் சீலுக்கும். மறுபடியும் ஒரு விலக்கு! 2014-இல் இனூயிட்கள் சீல் தோல் கோட்டும் காலணியும் போட்டுக்கொண்டு செல்ஃபி எடுத்து இணையத்தில் குவித்தார்கள், 'சீல்ஃபி' என்று பெயரும் வைத்து. அந்தக் குறும்பு எனக்கு ரொம்பப் பிடித்தது. சீல் வேட்டைக்கு எதிரான பழைய பிரச்சாரத்தால் நேர்ந்த பாதிப்புக்காக கிரீன்பீஸ் கனடா என்ற சுற்றுச்சூழல் அமைப்பு அவர்களிடம் மன்னிப்புக் கேட்டதும் அதே வருஷம்தான், முதல் தடை வந்து முப்பத்தோரு வருஷம் கழித்து.