அந்தப் புத்தகத்தைப் பதிப்பித்த பெண்

சுயமுன்னேற்றப் புத்தகம் என்றாலே முகம் சுளிக்கிற ஆள் நான். போன வருடம் அக்கா வேலை பார்க்கும் இடத்தில் பெண்கள் சேர்ந்து சம்பள உயர்வு கேட்டார்கள். உயர்வு வரவில்லை, அதற்குப் பதிலாக ஒரு பயிற்சியாளர் வந்தார். "முதல்ல உங்க எண்ணத்தை மாத்துங்க, வருமானம் தானா மாறும்" என்று இரண்டு மணி நேரம் பேசினாராம். அக்கா சொல்லக் கேட்டு எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. இந்தப் பேச்செல்லாம் எங்கிருந்து வந்தது என்று அந்தக் கோபத்தோடுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்படிப் போய்ச் சேர்ந்தது எலிசபெத் டவுன் என்ற அமெரிக்கப் பெண்ணிடம்.

நினைத்தால் போதும், நினைத்தது கிடைக்கும் என்று சொல்லும் புத்தகம், 2006இல் ரோண்டா பைர்ன் எழுதிய 'தி சீக்ரெட்', நம்மில் பலர் வீட்டில் இருக்கும். அவருக்குத் தூண்டுதலாக இருந்தது வாலஸ் வாட்டில்ஸ் 1910இல் எழுதிய 'தி சயன்ஸ் ஆஃப் கெட்டிங் ரிச்'. வாட்டில்ஸ் பெயரைச் சொன்னால் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தப் புத்தகத்தை அச்சிட்டு வெளியிட்டது எலிசபெத் டவுன். அந்தப் பெயர்தான் யாருக்கும் ஞாபகம் இல்லை.

1865இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்தில் பிறந்தவர். 14 வயதில் படிப்பை விட்டுக் கல்யாணம். இரண்டு குழந்தைகள். அந்த வாழ்க்கை சரிப்பட்டு வரவில்லை. 1898இல், அப்பா மாதம் 30 டாலர் வீதம் ஆறு மாதத்துக்குக் கொடுத்த பணத்தை வைத்து 'நாட்டிலஸ்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். நாட்டிலஸ் என்பது சுருள் ஓடு கொண்ட ஒரு கடலுயிரி. உடம்பு வளர வளரப் பெரிய அறை ஒன்றைக் கட்டி அதற்குள் குடிபோகும், பழைய அறையை மூடிவிடும். அவர் வாழ்க்கையை நினைத்துக்கொண்டு இந்தப் பெயரைப் பார்க்கும்போது எனக்கு மனது கனத்துப்போகிறது. 1900இல் விவாகரத்து வாங்கினார். நாட்டின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு, மாசசூசெட்ஸில் காகித ஆலைகள் நிறைந்த ஹோலியோக் நகருக்கு வந்து, வில்லியம் டவுன் என்ற பதிப்பாளரை மணந்துகொண்டார். பத்திரிகையும் கூடவே வந்தது.

அவர் எழுதியது என்ன? மூச்சை ஆழமாக இழு, பயத்தை விடு, உன் எண்ணம் உன்னுடையது. வயிற்றின் மேற்பகுதியில் இருக்கும் நரம்புப் பின்னல் உடம்புக்குள் இருக்கும் சூரியன் மாதிரி, அதை எழுப்பு என்று ஒரு சின்னப் புத்தகமே போட்டார். இன்று படித்தால் வழக்கமான பேச்சாகத் தெரியலாம். ஆனால் யாரிடம் சொன்னார் என்று பாருங்கள். மாசசூசெட்ஸ் பெண்களுக்கு அன்று சட்டமன்றத் தேர்தலில் ஓட்டு இல்லை. ஊரும் வீடும் அவளுக்காக முடிவெடுத்துக்கொண்டிருந்த காலம். அவளிடம் போய் "உன் மனசு உன்னுடையது" என்று சொல்வதும், சம்பளம் கேட்டு நிற்பவளிடம் "மனசை மாத்து" என்று சொல்வதும் ஒன்றா? முதலாவது அவளை எழுப்பி நிற்க வைக்கிறது. இரண்டாவது உட்காரச் சொல்கிறது.

அவரும் மனதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று நின்றார். 1915 நவம்பரில் மாசசூசெட்ஸில் அதற்கு வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்கள் ஆண்கள் மட்டும். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேர் வேண்டாம் என்றார்கள். பெண்ணுக்கு ஓட்டு வேண்டுமா என்று பெண்ணைத் தவிர எல்லாரையும் கேட்டிருக்கிறார்கள்! 1920 ஆகஸ்ட்டில், அமெரிக்கப் பெண்களுக்கு ஓட்டுரிமை தந்த 19ஆவது சட்டத்திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது டவுனுக்கு 55 வயது. (தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்கள் பலருக்கு அந்த ஓட்டு கைக்கு வர 1965 வரை ஆனது. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.) ஓட்டு கிடைத்ததோடு அவர் வீட்டுக்குப் போய்விடவில்லை. 1926இல் ஹோலியோக் நகர மன்றத்துக்குத் தேர்வான முதல் பெண் அவர்தான்.

அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. எண்ணத்தாலேயே நோய் தீரும், பணம் வரும் என்ற பகுதி எனக்கு ஆகாது. ஏழையைப் பார்த்து 'நீ சரியாக நினைக்கவில்லை' என்று குற்றம் சாட்ட அந்தக் கதவு வழியாகத்தான் வந்தார்கள். அந்தப் பயிற்சியாளரும் அதே வழிதான். ஆனால் அந்தப் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓட்டையும் நகர மன்றத்தையும் விட்டுவிட்டது அவர் குற்றம் இல்லை, பின்னால் வந்து அதை விற்றவர்களின் வேலை.

போன வாரம் இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். 1928இல், 63 வயதில், எந்தக் கட்சியும் இல்லாமல் சுயேச்சையாக மேயர் தேர்தலில் நின்றார் என்றதும், "ஜெயிச்சாங்களா?" என்று கேட்டாள்.

தோற்றுவிட்டார். பத்திரிகை மட்டும் 1953 வரை வந்துகொண்டிருந்தது.

"சரி, நாங்களும் அடுத்த மாசம் மறுபடி கேக்கறதா இருக்கோம்" என்றாள்.