பெயர் மட்டும்தான் வேறா?

“பெயர்தான் வேறு, உள்ளே எல்லாம் ஒரே இன்வெர்ட்டர்; வெளிநாட்டு விற்பனையாளரிடம் பாதி விலைக்கு வாங்கிவிடலாம்” என்று சோலார் இன்வெர்ட்டர்களைப் பற்றிக் குன்னூர் நண்பர் எழுதியிருப்பதில் பாதிதான் உண்மை. தைவானின் வோல்ட்ரானிக் நிறுவனத் தயாரிப்புகள் பல நாடுகளில் பல பெயர்களில் விற்பனையாகின்றன, சரி. ஆனால் அவற்றைப் பார்த்துச் செய்த போலிகளும் உண்டு. திரையும் பொத்தான்களும் அச்சு அசலாக இருக்கும். அசலுக்குரிய மென்பொருளை ஏற்றினால் கருவியே முடங்கிவிடக்கூடும்.

நம் மலையில் இது இன்னும் சிக்கல். சோலார் பேனல் குளிரக் குளிர அதன் வோல்டேஜ் ஏறும், ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.3 சதவீதம். 46 வோல்ட் பேனல்கள் மூன்றைத் தொடராக இணைத்தால் 25 டிகிரியில் 138 வோல்ட். உறைபனி விழுந்த ஊட்டிக் காலையில், பூஜ்ஜிய டிகிரியில், அதுவே 148. இன்வெர்ட்டர் தாங்கும் வரம்பு 145 வோல்ட் என்றால் கருவி புகைந்துவிடலாம். அந்த வரம்பை லேபிளில் அச்சடித்தவர் யாரென்றே தெரியாதபோது எதை நம்பிக் கணக்குப் போடுவது?

மின்வாரிய இணைப்போடு சேர்ப்பவர்கள் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு இல்லாததைத் தொடவே வேண்டாம். மரம் விழுந்து மின்சாரம் நின்றதும் இன்வெர்ட்டர் லைனுக்கு மின்சாரம் அனுப்புவதை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தாவிட்டால் கம்பத்தில் ஏறும் லைன்மேன் உயிருக்கே ஆபத்து. நண்பரே, “பெயர்தான் வேறு” என்ற அந்த வரியைத் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.