ஆங்கிலம் கற்பிக்கச் சுற்றுலா விசா போதுமா?

"சம்பளம் வாங்காத வெளிநாட்டு ஆசிரியர் சுற்றுலா விசாவிலேயே ஆண்டு முழுவதும் நம் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கலாம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு. இந்தியாவின் சுற்றுலா இ-விசாவில் (இணையவழியில் பெறும் விசா) தன்னார்வப் பணிக்கு அனுமதி உண்டு. ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் கூடாது. பணம் மட்டுமல்ல, வேறு எந்தக் கைம்மாறும் பெறக் கூடாது என்கிறது விதி. இந்த இரண்டு நிபந்தனைகளையும்தான் செய்தி விழுங்கிவிட்டது.

பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தில் நீண்டகாலம் கௌரவப் பணி (சம்பளமில்லாத பணி) செய்ய வேலைவாய்ப்பு விசா வேண்டும். அந்த நிறுவனத்தின் பெயரே விசாவில் குறிக்கப்படும். வேலைவாய்ப்பு விசாவுக்கான குறைந்தபட்ச சம்பள வரம்பு, அதற்கான விலக்குகள் எல்லாம் உள்துறை அமைச்சக இணையதளத்தில் உள்ளன. நல்லெண்ணத்தோடு வருபவர் விதிமீறலில் சிக்க வேண்டாம். தயவுசெய்து அந்த வாட்ஸ்அப் செய்தியைப் பகிராதீர்கள், அனுப்பியவரிடமும் சொல்லுங்கள்.