படிவத்தில் "தமிழ்" என்று எழுதினால் என்ன ஆகும்?

ஆகஸ்ட் பிறந்தால் போதும், கலிபோர்னியாத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு அறிவுரை வலம்வரத் தொடங்கிவிடும். "கிண்டர்கார்டன் சேர்க்கும்போது வீட்ல என்ன மொழி பேசுறீங்கன்னு கேப்பாங்க. இங்கிலீஷ்னு போட்டுருங்க. தமிழ்னு போட்டா குழந்தைய ஈ.எல். லிஸ்ட்ல போட்ருவாங்க, அப்புறம் வெளியவே வர முடியாது." கீழே நான்கு கட்டைவிரல், இரண்டு கும்பிடு.

ஈ.எல். என்றால் இங்கிலீஷ் லேர்னர், ஆங்கிலம் இன்னும் சரளமாக வராத பிள்ளை. அறிவுரை தவறு. ஆனால் அதைச் சொல்கிறவர்களின் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதியை மறைத்துவிட்டு "பொய் சொல்லாதீர்கள்" என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை.

முதலில் படிவம். ஹோம் லாங்குவேஜ் சர்வே என்கிற ஒற்றைத் தாள். கலிபோர்னியாவில் அதில் முக்கியமான கேள்விகள் நான்கு. குழந்தை பேசத் தொடங்கியபோது முதலில் கற்ற மொழி எது? வீட்டில் குழந்தை அதிகம் பேசுவது எது? நீங்கள் குழந்தையிடம் அதிகம் பேசுவது எது? வீட்டிலுள்ள பெரியவர்கள் அதிகம் பேசுவது எது? முதல் மூன்றில் ஏதாவது ஒன்றுக்கு ஆங்கிலம் அல்லாத பதில் வந்தால், குழந்தையின் ஆங்கிலத் திறனை அளக்கும் முதல்நிலை எல்பேக் தேர்வு உண்டு. நான்காவதில் மட்டும் "தமிழ்" என்றால் தேர்வு தானாக வந்துவிடாது, பள்ளி வேறு சான்றுகளையும் பார்த்து முடிவெடுக்கலாம். ஊரிலிருந்து பாட்டி வந்து ஆறு மாதம் தங்குகிறார், பெரியவர்களுக்குள் தமிழ்தான் ஓடுகிறது என்றால் அது நான்காவது கேள்வியின் சங்கதி. அவசரத்தில் நான்கு கட்டத்திலும் ஒரே சொல்லை எழுதிவிட்டுப் போவதால்தான் பல குழப்பம் ஆரம்பிக்கிறது. பதில் தவறு என்று தோன்றினால் தேர்வு நடப்பதற்கு முன் மாற்றிக் கொடுக்கலாம். தேர்வு முடிந்தபின் படிவத்தை மாற்றுவதால் பயனில்லை. டிகே எனப்படும் மழலை வகுப்புக்கு 2024இலிருந்து இந்தத் தேர்வே கிடையாது, கிண்டர்கார்டனில்தான் தொடங்கும்.

சேர்ந்த நாளிலிருந்து 30 நாளைக்குள் தேர்வு நடந்து, முடிவு பெற்றோர் கைக்கு வந்துவிட வேண்டும். சனி, ஞாயிறும் சேர்த்துத்தான் 30. மதிப்பெண் 150இலிருந்து 600 வரை. 450 அல்லது அதற்கு மேல் எடுத்தால் "ஆங்கிலம் ஏற்கெனவே சரளம்" என்று எழுதி அத்தோடு கதை முடிந்தது. அதற்குக் கீழே போனால்தான் ஈ.எல். ஆக, "தமிழ்" என்று எழுதியதற்காக மட்டும் எந்தக் குழந்தையும் அந்தப் பட்டியலில் ஏறுவதில்லை.

எங்கே சறுக்குகிறது என்றால், ஐந்து வயதுக் குழந்தை முன்பின் பார்த்திராத ஒருவர் எதிரில் உட்கார்ந்து படத்தைப் பார்த்துப் பேச வேண்டும். வாயே திறக்காவிட்டால் கூச்சமா, மொழி தெரியாமலா என்று தேர்வுத்தாளுக்குத் தெரியாது. வீட்டில் யூடியூப் பார்த்து ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளும் பிள்ளை இங்கே ஊமையாகிவிடும். வகுப்பு பழகட்டும், மூன்றாவது வாரம் வையுங்கள் என்று முன்கூட்டியே கேட்பதில் தவறில்லை. அப்படியும் தவறிப்போனால், ஈ.எல். பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் வைக்கும் தேர்வு முதல் முறை வருவதற்குள் பெற்றோரோ ஆசிரியரோ "இந்த வகைப்பாடு சரியில்லை, பரிசீலியுங்கள்" என்று எழுதிக் கொடுக்கலாம். பள்ளி சான்றுகளைப் பார்த்துத் திருத்த முடியும். வாட்ஸ்அப் அறிவுரையில் இந்த வழி மட்டும் ஒருபோதும் வருவதில்லை.

இவ்வளவு ஏற்பாடு எதற்கு? சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய வழக்கு இது. 1970களின் தொடக்கத்தில் அந்த ஊர்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்தில், அதாவது டிஸ்ட்ரிக்டில், ஆங்கிலம் தெரியாத சீன வம்சாவளிப் பிள்ளைகள் 2,856 பேர். ஆயிரம் பேருக்குத்தான் தனியாக ஆங்கிலம் சொல்லித்தரப்பட்டது. மீதி சுமார் 1,800 பேர் புரியாத மொழியில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர்தானே கொடுத்தோம், இதில் பாகுபாடு எங்கே என்பது டிஸ்ட்ரிக்டின் வாதம். 1974 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அதை நிராகரித்தார்கள். மொழியே புரியாத பிள்ளைக்கு ஒரே புத்தகத்தைக் கொடுப்பது சமமாக நடத்துவதாகாது என்றார் நீதிபதி டக்ளஸ். லாவ் எதிர் நிக்கோல்ஸ் என்ற அந்த வழக்கு சிவில் உரிமைச் சட்டத்தை வைத்துத் தீர்க்கப்பட்டது. அதே ஆண்டு நாடாளுமன்றம் சம கல்வி வாய்ப்புச் சட்டத்தை இயற்றி, மொழித் தடையைக் களைய டிஸ்ட்ரிக்ட் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டது.

இந்த இரண்டாவது சட்டத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். லாவ் வழக்கில் பயன்பட்ட சிவில் உரிமைச் சட்டப் பிரிவை வைத்து, உள்நோக்கம் இல்லாமல் விளைவால் மட்டும் ஏற்படும் பாகுபாட்டுக்குத் தனிநபர் வழக்குப் போட முடியாது என்று 2001இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்று பெற்றோர் நீதிமன்றம் போக நிற்கும் தரை பெரும்பாலும் சம கல்வி வாய்ப்புச் சட்டம்தான். 2025 மார்ச்சில் ஆங்கிலத்தை நாட்டின் அலுவல் மொழியாக அறிவித்த அதிபர் உத்தரவு வந்தது. ஈ.எல். பிள்ளைகள் விஷயத்தில் டிஸ்ட்ரிக்டுகளுக்கு வழிகாட்டிய 2015ஆம் ஆண்டுக் கடிதத்தை 2025 ஆகஸ்டில் கூட்டரசுக் கல்வித்துறை திரும்பப் பெற்றது. "இனி எல்லாம் போச்சு" என்ற புலம்பலும் "இனி எதுவும் செய்ய வேண்டாம்" என்ற கொண்டாட்டமும் ஒருசேரக் கேட்கின்றன. இரண்டுமே தவறு. கடிதம்தான் போயிருக்கிறது. சட்டம் அப்படியே நிற்கிறது.

அந்தச் சட்டப்படி டிஸ்ட்ரிக்ட் நடக்கிறதா என்று எப்படி அளப்பது என்பதற்கு 1981இல் டெக்சாஸ் வழக்கு ஒன்றில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று கேள்வி வைத்தது. திட்டம் நம்பத்தகுந்த கல்விக் கோட்பாட்டில் நிற்கிறதா? அதை நடத்த ஆளும் பொருளும் கொடுத்திருக்கிறீர்களா? கொஞ்ச காலம் கழித்துப் பலன் கிடைத்ததா என்று பார்த்தீர்களா? முதல் கேள்விக்கு எல்லா டிஸ்ட்ரிக்டும் அழகான பதில் வைத்திருக்கும். இரண்டாவதில் திணறும். மூன்றாவதில்தான் சாயம் வெளுக்கும்.

நம் ஆட்களின் பயம் நியாயமாவதும் அந்த மூன்றாவது இடத்தில்தான். பட்டியலில் ஏறுவது சுலபம், இறங்குவது கடினம். இறங்க நான்கு நிபந்தனை: ஆண்டுத் தேர்வில் மொத்த நிலை 4, ஆசிரியர் மதிப்பீடு, பெற்றோரின் கருத்து, அதே வயதில் ஆங்கிலம் மட்டுமே அறிந்த பிள்ளைகளோடு அடிப்படைத் திறன் ஒப்பீடு. ஆண்டுத் தேர்வு பிப்ரவரியிலிருந்து மே வரை. முதலாவது மாநிலம் முழுக்க ஒன்றே. நான்காவதற்கு எந்தத் தேர்வு, எத்தனை மதிப்பெண் என்பதை அந்தந்த டிஸ்ட்ரிக்டே வைத்துக்கொள்கிறது. அதனால் இந்தத் தெருவில் பட்டியலை விட்டு இறங்கும் பிள்ளை, எல்லை தாண்டி அடுத்த தெருவில் இன்னும் ஓராண்டு அதிலேயே இருக்கும். கொள்கையில் ஒன்றே ஒன்றைத் திருத்தச் சொன்னால் இதைத்தான் திருத்தச் சொல்வேன். பெற்றோர் கருத்து என்ற நிபந்தனை காகிதத்தில் அருமை. நடப்பில், பையில் போட்டனுப்பிய கடிதம் மதிய உணவு டப்பாவுக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும். கையெழுத்து வரவில்லை என்று கோப்பு அப்படியே தூங்கும். நிலை 4 என்று மதிப்பெண் தாள் வந்தால் நீங்களே ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பி, மற்ற மூன்று நிபந்தனையும் எப்போது பார்க்கப்படும் என்று கேளுங்கள்.

ஆறாண்டுக்கு மேல் பட்டியலிலேயே இருந்தபடி நடுநிலைப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு எல்டெல் என்று தனிப் பெயர். அங்கே ஆங்கிலத்துக்கான தனி வகுப்பு ஒரு பீரியடை எடுத்துக்கொள்ளும். போவது பெரும்பாலும் பேண்ட், ஓவியம், கணினி போன்ற விருப்பப் பாடம். பதினொரு வயதுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பிடிப்பதே அந்த ஒரு பீரியடுக்காகத்தான் இருக்கும். ஈ.எல். என்பதைக் காட்டி மையப் பாடங்களையோ முழுப் பாடச்சுமையையோ மறுக்கக் கூடாது என்று 2018இல் சட்டம் வந்தது. ஆனால் கால அட்டவணையில் இடமில்லை என்ற ஒற்றை வரிக்கு முன்னால் சட்டம் அடிக்கடி தோற்கிறது. ஏழாவது பீரியட் வைக்கும் பள்ளிகள் இதைத் தாண்டிவிடுகின்றன. அதற்குப் பணம் வேண்டும்.

பணம் எங்கிருந்து வரும் என்பதில்தான் அந்தப் படிவம் மறுபடி வருகிறது. 2013இலிருந்து கலிபோர்னியா டிஸ்ட்ரிக்டுகளுக்கு நிதி எல்.சி.எஃப்.எஃப். சூத்திரப்படி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அடிப்படைத் தொகை. குறைந்த வருமானம், ஈ.எல்., வளர்ப்புப் பராமரிப்பு (ஃபாஸ்டர் கேர்) ஆகிய மூன்றில் ஏதாவது பொருந்தினால் அதில் 20 சதவீதம் கூடுதல். இரண்டு காரணம் இருந்தாலும் ஒரு முறைதான் எண்ணுவார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகள் டிஸ்ட்ரிக்டில் 55 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய பங்குக்குத் தலைக்கு அடிப்படைத் தொகையில் 65 சதவீதம் மேலும். ஒரு கணக்குக்காக அடிப்படைத் தொகை 10,000 டாலர், டிஸ்ட்ரிக்டில் 1,000 பிள்ளைகள், 700 பேர் இந்த வகை என்று வையுங்கள். 700க்குத் தலா 2,000 என்றால் 14 லட்சம் டாலர். 55க்கு மேலுள்ள 15 சதவீதம், அதாவது 150 பேருக்குத் தலா 6,500 என்றால் 9,75,000 டாலர். ஃப்ரீமான்ட், கூபர்டினோ பக்கத்து ஐ.டி. குடும்பங்கள் "நாம்தான் ஏழை இல்லையே" என்று நினைக்கலாம். ஈ.எல். கணக்குக்கு வருமானம் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில் உண்மையாகவே தடுமாறும் ஒரு குழந்தைக்கு "இங்கிலீஷ்" என்று எழுதினால் அதற்கான தனி வகுப்பும் போகிறது, அந்த வகுப்பை நடத்துவதற்கான 20 சதவீதமும் போகிறது.

வருமானப் பக்கத்திலும் இதே மாதிரி ஓர் ஓட்டை உண்டு. 2022-23 கல்வியாண்டிலிருந்து கலிபோர்னியாவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் காலை உணவும் மதிய உணவும் இலவசம். நல்ல திட்டம், வரிசையில் யார் ஏழை என்று யாரும் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் சாப்பாட்டுக்கு விண்ணப்பம் எழுதும் தேவை போனதும், வருமானம் குறைந்த வீடுகளை எண்ணும் வழியும் சுருங்கிப்போனது. அதனால்தான் வருமான விவரப் படிவம் ஒன்று தனியாக வருகிறது. "சாப்பாடு இலவசம்தானே, இது எதற்கு" என்று குப்பையில் போடுகிறவர்கள், அந்த எண்ணிக்கையில்தான் பள்ளியின் நிதி தொங்குகிறது என்பதை அறியமாட்டார்கள். பள்ளிகளும் அதைச் சொல்லி அனுப்புவதில்லை, வெறும் படிவத்தைத்தான் அனுப்புகின்றன.

வந்த பணம் அந்தப் பிள்ளைகளுக்கே போகிறதா? 2019இல் மாநிலத் தணிக்கையர் சொன்னது கசப்பானது: ஆண்டு முடிவில் செலவாகாமல் மிஞ்சும் கூடுதல் நிதி, அடுத்த ஆண்டு பொதுப் பணத்தோடு கலந்து அடையாளம் இழந்துவிடுகிறது. 2021இல் அந்த ஓட்டையை அடைத்தார்கள். செய்யாமல் விட்டதை அடுத்த ஆண்டும் அதே பிள்ளைகளுக்கே செய்ய வேண்டும் என்று கணக்கில் தனியாகக் காட்ட வைத்தார்கள். சூத்திரம் வந்து எட்டு வருடம் தாமதம்.

மொழிபெயர்ப்பு பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு பள்ளியில் 15 சதவீதம் பிள்ளைகளின் தாய்மொழி ஒன்றாக இருந்தால் வீட்டுக்கு அனுப்பும் அறிவிப்புகள் அந்த மொழியிலும் போக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். 800 பேர் படிக்கும் பள்ளியென்றால் 120 பேர். தமிழ் அந்தக் கோட்டைத் தொடுவது அபூர்வம். ஆனால் முக்கியமான தகவல் பெற்றோருக்குப் புரியும் மொழியில் போய்ச் சேர வேண்டும் என்ற கூட்டரசுக் கடமைக்கு 15 சதவீதக் கணக்கு கிடையாது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், தொலைபேசி வழியாவது ஏற்பாடு செய்யலாம். ஆறாம் வகுப்பு அக்காவை உட்காரவைத்துத் தம்பியின் நடத்தைப் புகாரை அம்மாவுக்குச் சொல்ல வைப்பது மட்டும் வேண்டாம். அக்கா தம்பியைக் காப்பாற்றத்தான் பார்ப்பாள். இயந்திர மொழிபெயர்ப்பு வந்து இன்னொரு கூத்து. பெற்றோர் ஆசிரியரைச் சந்திக்கும் மாலை நிகழ்ச்சியான "பேக் டு ஸ்கூல் நைட்" என்பது "பள்ளிக்குத் திரும்பும் இரவு" ஆகிவிட்டால், பையோடும் தலையணையோடும் வரவேண்டுமோ என்று பாட்டி கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

சிறப்புக் கல்விக்கான கூட்டம் என்றால் இன்னும் கவனம் தேவை. பேச்சு தாமதமாவதை "இரண்டு மொழி கேட்பதால்தான்" என்று ஓராண்டு தள்ளிப்போடுவது ஒரு தவறு. ஆங்கிலம் வராததைக் குறைபாடு என்று முத்திரை குத்துவது அதற்கு நேரெதிரான தவறு. குழந்தையின் மொழியிலும் மதிப்பீடு செய்ய வேண்டும் என்று கூட்டரசுச் சட்டம் சொல்வது இந்த இரண்டையும் தடுக்கத்தான். தமிழில் பரிசோதிக்கத் தெரிந்தவர் கிடைக்கவில்லை என்றால், தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளரை உடன் வைத்துச் செய்யுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. இரு மொழிப் புலமைக்கு டிப்ளமோவில் முத்திரை போடும் சட்டத்தை 2011இல் முதலில் இயற்றிய மாநிலம் கலிபோர்னியா. தமிழுக்கும் அந்த முத்திரை வாங்கலாம். கிண்டர்கார்டனில் தமிழை ஒளித்துவைத்த வீடு, பன்னிரண்டாம் வகுப்பில் கல்லூரி விண்ணப்பத்துக்காக அதே தமிழைத் தேடி ஓடுகிறது.

ஒரு பள்ளியில் 21 ஈ.எல். பிள்ளைகள் சேர்ந்தால் அவர்கள் பெற்றோருக்கென்று ஈலாக் என்ற ஆலோசனைக் குழு வைத்தே ஆக வேண்டும். டிஸ்ட்ரிக்டில் 51 பேர் இருந்தால் டிலாக். பட்டியலிலிருந்து இறங்கும் நிபந்தனைகள் பற்றிக் கருத்துச் சொல்லும் வேலை இந்த டிலாக்குடையது. அந்த நான்காவது நிபந்தனையைத் தட்டிக் கேட்கும் இடம் அதுதான். பல இடங்களில் கூட்டம் வேலைநாள் காலை ஒன்பது மணிக்கு, வருவது நான்கு பேர். மாலைக்கு மாற்றுங்கள், ஜூமிலும் வையுங்கள் என்று முதல் கூட்டத்திலேயே கேட்டுக் குறிப்பில் ஏற்ற வேண்டும்.

அடுத்தது எல்கேப் எனப்படும் டிஸ்ட்ரிக்டின் செலவுத் திட்டம். ஏழாவது பீரியடுக்குப் பணம் உண்டா இல்லையா என்பது அதில்தான் இருக்கும். பொது விசாரணை ஒரு கூட்டத்தில், ஒப்புதல் வேறொரு கூட்டத்தில், ஜூலை 1க்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும் என்பதால் இரண்டும் பெரும்பாலும் ஜூனில் விழும். ஜூனில் நம்மில் பாதிப் பேர் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருப்போம். டிலாக் அந்த வரைவைப் பார்க்கும் வசந்தகாலக் கூட்டம் எந்தத் தேதி என்று டிக்கெட் போடுவதற்கு முன்னால் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.