தோற்பவர் ஏன் மறுபடி உட்கார வேண்டும்?

கேசினோவுக்குப் புதிய சீட்டாட்டம் ஒன்றை உருவாக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் விதிகளிலிருந்தே தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். தோற்பவர் மறுநாளும் ஏன் வந்து உட்கார வேண்டும் என்ற கேள்வியை முதலில் கேட்டிருந்தால், பல நோட்டுப் பக்கங்கள் மிஞ்சியிருக்கும்.

பிளாக்ஜாக்கில் கேசினோவே எதிராளி என்பதால், ஒரே ஒருவர் வந்தாலும் மேசை நடக்கும். போக்கர் போல ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் மோதும் ஆட்டத்தில் கேசினோ பந்தயம் கட்டுவதில்லை; நடுவில் சேரும் தொகையிலிருந்து ‘ரேக்’ என்று ஒரு பங்கையோ, உட்காரும் நேரத்துக்கு ஒரு கட்டணத்தையோ எடுத்துக்கொள்கிறது. ஆகவே மொத்தமாகப் பார்த்தால் மேசையில் இருப்பவர்களுக்கு நட்டம்தான். தேர்ந்தவர் அந்தப் பங்கையும் தாண்டிச் சம்பாதிப்பது தேராதவரின் பணத்தைத்தான் என்பதால், தேராதவரும் அவ்வப்போது ஜெயிக்கிற அளவுக்கு அதிர்ஷ்டத்துக்கு இடம் விட்டாக வேண்டும். திறமையை மட்டும் சோதிக்கும் ஆட்டம் கேட்க அழகாக இருக்கும். மேசை சீக்கிரம் காலியாகிவிடும்.

என் ஆட்டத்தில் ஆளுக்கு மூன்று சீட்டு, அதில் ஒன்று திறந்திருக்கும். எந்தக் கை, அதாவது எந்தச் சீட்டுச் சேர்க்கை, எதை வெல்லும் என்ற போக்கரின் வரிசையை அப்படியே எடுத்து, அடுத்தடுத்த எண்களாக வரும் தொடர்வரிசையைவிட ஒரே இனச் சீட்டுகளை உயர்வாக வைத்தேன். கணக்கில் கெட்டிக்காரரான நண்பர் ஒருவர் சிரித்துவிட்டார். அரிதாக வரும் கைதான் உயர்வாக இருக்க வேண்டும். ஐந்து சீட்டில் ஒரே இனக் கைகள் 5,108, தொடர்வரிசைகள் 10,200 என்பதால் அங்கே அந்த வரிசை சரி. மூன்று சீட்டில் சாத்தியமான 22,100 கைகளில் ஒரே இனம் 1,096, தொடர்வரிசை 720 மட்டுமே; அதனால் இங்கே தொடர்வரிசைதான் மேலே இருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய அடி முதல் ஒத்திகையில் விழுந்தது. கட்டாயப் பந்தயம் எதையும் நான் வைத்திருக்கவில்லை. ராஜா திறந்திருந்த நண்பர் பத்துச் சிப்புகளை முன்னே தள்ளியதும், இழக்க எதுவுமில்லாத மற்ற ஐந்து பேரும் வரிசையாகச் சீட்டைக் கவிழ்த்துவிட்டார்கள். மனிதர் மூன்று ராஜாக்களையும் விரித்துக் காட்டிவிட்டு, தான் வைத்த பத்தையே திரும்ப அள்ளிக்கொண்டார். அந்த முகத்தை இன்னும் மறக்கவில்லை. அன்றே ஆளுக்கொரு சிப்பு முன்பணம் கட்டாயமாயிற்று.

காப்புரிமை பற்றிப் பலர் கேட்கிறார்கள். 1985-இல் பை காவ் போக்கரை அறிமுகப்படுத்திய சாம் டொரோசியன், காப்புரிமை கிடைக்காது என்ற ஆலோசனையை நம்பி விட்டுவிட்டார்; ஆட்டம் பரவியது, உரிமைத்தொகை வரவில்லை. வழக்கமான சீட்டுக்கட்டில் ஆடும் பந்தய விதிகள் வெறும் கருத்துரு என்று 2016-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றும் சொல்லிவிட்டது. எனவே அந்த ஆசையை நான் வளர்த்துக்கொள்ளவில்லை.

இப்போது உறக்கத்தைக் கெடுப்பது கூட்டுக் களவாணித்தனம். இரண்டு பேர் சைகையால் சீட்டைச் சொல்லிக்கொண்டு, மாறி மாறிப் பந்தயத்தை ஏற்றி நடுவில் இருப்பவரை நசுக்கலாம். ஒரு சுற்றில் மூன்று ஏற்றங்களுக்கு மேல் கூடாது என்று வைத்ததில் நசுக்கல் குறைந்தது, சைகை குறையவில்லை. மறைவுச் சீட்டை ஒன்றாகக் குறைத்தால் சைகைக்கு மதிப்புப் போகும். ஆனால் வெறுங்கையோடு துணிந்து மிரட்டுகிற சுகமும் கூடவே போய்விடுகிறது. நாலாவது வடிவம் இந்த இடத்தில்தான் நிற்கிறது.