சாவி இப்போது யாரிடம் இருக்கிறது?

(பிராக் நகரம், ஜிஷ்கோவ் பகுதி. சமையலறைச் சன்னலில் தொலைக்காட்சிக் கோபுரமும் அதன்மேல் தவழ்ந்து ஏறும் ராட்சதக் குழந்தைச் சிற்பங்களும் தெரிகின்றன. ஓய்வுபெற்ற ஆசிரியை ஹனா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருக்கிறார். கதவு தட்டப்படுகிறது. திறந்தால், அவர் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் டாம். ஆங்கில ஆசிரியராவதற்கான செல்டா பயிற்சிக்காக இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலிருந்து வந்தவன். மூத்த பெண்களைச் செக் வழக்கப்படி 'பானி' என்று அழைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான்.)

ஹனா: முகம் ஏன் இப்படித் தொங்குகிறது?

டாம்: நாற்பது நிமிட வகுப்பில் முப்பது நிமிடம் நானே பேசினேனாம், பானி ஹனா. பயிற்சியாளர் கடைசி வரிசையில் கடிகாரத்தோடு உட்கார்ந்து கணக்கெடுத்திருக்கிறார்.

ஹனா: வகுப்பில் ஆசிரியர் பேசாமல் வேறு யார் பேசுவார்கள்?

டாம்: மாணவர்கள். நான் விளக்கவே கூடாது. கேள்வி கேட்டு அவர்கள் வாயிலிருந்து வரவழைக்க வேண்டும். "புரிந்ததா?" என்று மட்டும் கேட்கக் கூடாது. எல்லாரும் தலையாட்டிவிடுவார்களாம்.

ஹனா: அது உண்மை. அந்தத் தலையாட்டலை நம்பித்தான் ஆயுள் முழுவதும் சம்பளம் வாங்கினேன். எத்தனை நாள் பயிற்சி?

டாம்: நான்கு வாரம், 120 மணி நேரம். நிஜ மாணவர்களுக்கு ஆறு மணி நேரம் பாடம் நடத்த வேண்டும். நான்கு கட்டுரைகள் வேறு. 1962-இல் லண்டனில் ஜான் ஹேக்ராஃப்ட் என்பவர் இந்த வகைப் பயிற்சியை முதன்முதலில் தொடங்கியபோது இரண்டே வாரம்தான். நான் தாமதமாகப் பிறந்துவிட்டேன்.

ஹனா: உன் சொந்த மொழிதானே, என்ன கஷ்டம்?

டாம்: இன்று ஓர் அம்மாள் எழுந்து, "'ஐ லாஸ்ட் மை கீ', 'ஐ ஹாவ் லாஸ்ட் மை கீ', இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார்.

ஹனா: என்ன சொன்னாய்?

டாம்: இரண்டாவது காதுக்கு இனிமையாக இருக்கிறது என்றேன்.

ஹனா: (கத்தியை மேசையில் வைக்கிறார்.) தொலைந்தது முன்பு, அதன் விளைவு இப்போது! அதற்குத்தான் 'ஹாவ்'!

டாம்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஹனா: நான் ரஷ்ய மொழி ஆசிரியை. 1989 நவம்பரில் இங்கே கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்தது. ரஷ்ய மொழி கட்டாயம் என்பதும் போனது, என் மாணவர்களும் போனார்கள். எங்களில் பலரை ஆங்கிலம் கற்று ஆங்கிலமே நடத்தச் சொன்னார்கள். திங்கள் இரவு நான் படித்ததைச் செவ்வாய் காலை நடத்துவேன். மாணவன் வேகமாகப் படித்துவிட்டால் எனக்குக் காய்ச்சல் வரும். இன்றுவரை பிடிபடாதது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் அந்த 'தி' (the) ஒன்றுதான்.

டாம்: அதை எங்கே போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஏன் என்றுதான் தெரியாது.

ஹனா: எனக்கு ஏன் என்று தெரியும், எங்கே என்று தெரியாது. இருவரையும் சேர்த்தால் ஓர் ஆசிரியர் தேறுவார்.

டாம்: அப்படியானால் ஒத்திகை பார்க்கலாமா? நீங்கள் மாணவி. (சட்டைப் பையைத் தடவுகிறான், காற்சட்டைப் பையைத் தடவுகிறான், காலணியைக் கழற்றி உதறுகிறான்.) "ஐ ஹாவ் லாஸ்ட் மை கீ." சாவி முன்பு என்னிடம் இருந்ததா?

ஹனா: இருந்தது.

டாம்: இப்போது இருக்கிறதா?

ஹனா: இல்லை.

டாம்: எப்போது தொலைந்தது என்பது முக்கியமா?

ஹனா: மிகவும் முக்கியம். நடிப்பவன் காலணிக்குள் தேடமாட்டான். சாவி வைத்திருப்பவன் கதவைத் தட்டவும் மாட்டான்.

டாம்: உடல்மொழி முக்கியம் என்று பயிற்சியில்...

ஹனா: இனி நான் ஆசிரியை. வீட்டுச் சாவியை உன்னிடம் கொடுத்தேனா?

டாம்: கொடுத்தீர்கள்.

ஹனா: இப்போது உன்னிடம் இருக்கிறதா?

(நீண்ட மௌனம்.)

ஹனா: ஆசிரியர் பேசும் நேரத்தைக் குறைத்திருக்கிறேன். மாணவர் பேசலாம்.

டாம்: டிராமில் விழுந்திருக்கலாம், பானி ஹனா.

ஹனா: கட்டடத்தின் கீழ்வாசல் சாவியும் அதே வளையத்தில்தானே?

டாம்: ஆமாம். அதனால் என்ன?

ஹனா: விளக்கமாட்டேன். கீழ்வாசல் பூட்டை மாற்றினால் யாருக்கெல்லாம் புதுச் சாவி வேண்டும்? உனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?

டாம்: எல்லாருக்கும்.

ஹனா: எத்தனை வீடுகள்?

டாம்: 18.

ஹனா: வீட்டுக்கு இரண்டு சாவி என்றால்?

டாம்: 36. (நாற்காலியில் சரிகிறான்.)

ஹனா: பார்த்தாயா, நான் எதையுமே சொல்லவில்லை. எல்லாம் உன் வாயிலிருந்தே வந்தது. நல்ல முறைதான் இது! எழுந்திரு, தெருமுனைப் பூட்டுக்கடையை ஆறு மணிக்கு அடைத்துவிடுவார்கள்.

டாம்: நீங்களும் வாருங்களேன். கடைக்காரருக்கு ஆங்கிலம் தெரியுமா?

ஹனா: என் பழைய மாணவன்தான். எப்போது கேட்டாலும் நன்றாகத் தலையாட்டுவான்.