டெல்லிக்கு நம்ம மேயர் போகட்டும்

போன வாரம் அத்தையைத் திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையிலுள்ள குறுக்குத்துறைக்குக் கூட்டிப் போயிருந்தேன். முருகனைக் கும்பிட்டுவிட்டுப் படித்துறையில் இறங்கியவர், கையில் அள்ளிய தண்ணீரை அப்படியே கீழே விட்டுவிட்டார். அத்தனை சாக்கடை வாடை. "ஏ அய்யா, இதையா தலையில தெளிக்கச் சொல்லுத?" என்றார். கல்யாணமாகி வந்த புதிதில் இதே படியில் குடிக்கத் தண்ணீர் மொண்டு போனவர் அவர். எனக்குப் பதில் வரவில்லை.

அன்றிலிருந்து ஒரே யோசனை. இந்த ஊருக்காக டெல்லியில் பேசுவது யார்?

எம்.பி. இருக்கிறாரே என்பீர்கள். சரி. ஆனால் நம் மக்களவைத் தொகுதியில் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, நாங்குநேரி, ராதாபுரம், அம்பாசமுத்திரம், ஆலங்குளம் என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள். யார் எம்.பி.யாக வந்தாலும் ராதாபுரம் கடற்கரை மீனவர் பாடு, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர் பாடு, ஆலங்குளம் பக்கத்து பீடி சுற்றும் பெண்கள் பாடு எல்லாவற்றையும் அவர்தான் பேசியாக வேண்டும். டவுனில் எந்த ஓடை எங்கே போய் ஆற்றில் விழுகிறது என்று தெரிந்தவர்கள் மேயரும் கவுன்சிலர்களும் மாநகராட்சி இன்ஜினியர்களும்தான்.

அப்புறம் அந்தத் தலைக்கணக்கு. மத்திய வரிப் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று சொல்லும் 15-ஆவது நிதிக் குழு, 10 லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரங்களைத் தனியாகப் பிரித்து மானியம் ஒதுக்கியது. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி அந்த வரிசையில் வந்தன. நாம் மற்ற ஊர்களோடு. 2011 கணக்கெடுப்பில் நம் மாநகராட்சியில் சுமார் 4.74 லட்சம் பேர். 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கு அந்த வருடம் எடுக்கப்படவே இல்லை. ஒருநாள் காலையில் ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி வாசலில் நின்று பாருங்கள். தென்காசி, வள்ளியூர், சங்கரன்கோவில் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஜனம் வந்து இறங்கும். பாளையில் படிக்கிற வெளியூர்ப் பிள்ளைகள் எத்தனை! அவர்கள் குடிக்கிற தண்ணீர், போடுகிற குப்பை, போகிற சாக்கடை எல்லாம் நம் பொறுப்பு. அவர்கள் தலை மட்டும் நம் கணக்கில் இல்லை. இதை நிதி அமைச்சகத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?

பணம் மாநில அரசு வழியாகத்தானே வரும், மேயர் போய் என்ன செய்வார் என்று ஒரு நண்பர் கேட்டார். பணம் சென்னை வழியாகவே வரட்டும். நியாயத்தை நேரில் சொல்லலாமே. மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டம் நம் ஊருக்கு எப்படி வந்தது? ஊர் தன் திட்டத்தை எழுதிப் போட்டியில் வைத்தது, 2017-இல் தேர்வானது. 1993-இல் அமலுக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புச் சட்டத்திருத்தம் நகராட்சிகளுக்கென்று 18 வேலைகளைப் பட்டியல் போட்டிருக்கிறது. குடிநீரும் துப்புரவும் அதில் உண்டு. வேலை நம் தலையில் இருக்கும்போது பேச்சும் நம் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

சுலோசன முதலியார் பாலத்தில் தினமும் போகிறோம். அவர் கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தார். கலெக்டர் இல்லை, அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். பாளைக்கும் நெல்லைக்கும் நடுவே ஓடத்தில் கடந்த ஜனம் பட்ட பாட்டைப் பார்த்துத் தன் சொந்தப் பணத்தைப் போட்டார். 1843-இல் பாலம் திறந்தது. இன்றைக்கும் அதன் மேல் பஸ் போகிறது. இப்போது யாரும் கைக்காசு போட வேண்டாம். நாம் கட்டிய வரியில் நமக்குள்ள பங்கைக் கேட்டு வாங்கினால் போதும்.

மாமன்றக் கூட்டத்தில் தீர்மானம் போடட்டும். ஆற்றில் விழும் ஒவ்வொரு ஓடையையும் வரைபடத்தில் குறித்து, ஒவ்வொன்றையும் தடுக்க என்ன செலவாகும் என்று எழுதி மேயர் எடுத்துப் போகட்டும். எம்.பி.யும் கூடப் போகட்டும். எங்கள் வார்டு கவுன்சிலரிடம் இதையே மனுவாகக் கொடுக்கப் போகிறேன், வருகிற திங்கட்கிழமை காலையில். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள். முதல் கையெழுத்து அத்தை போட்டுவிட்டார்.